கைக்கு எட்டும் கேமரா

நுழையும்முன்

ஒரு பொருளை விரும்புவது எளிது. அதனை அறிந்து வாங்குவது அரிது. கேமராவும் பிற மின்னணுக் கருவிகளும் இன்று இளையோர் பலரின் கனவாக உள்ளன. அக்கனவைப் பெற்றோரின் உழைப்புக்குச் சுமையாக்காமல் நனவாக்குவது எப்படி? திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மாணவர்கள் நாள்தோறும் காணும் கடைத்தெருவிலிருந்து தொடங்கி, இப்பாடம் அதனை விளக்குகிறது.

நம் ஊரின் கடைத்தெரு

மாணவர்களே! திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் கடைத்தெருவை நீங்கள் அறிவீர்கள். மலையாளத்தார் அதனைச் 'சால' என்பர். தமிழர் 'சாலை' என்பர். திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடைத்தெருவை அமைத்தார். அரிசியும் பருப்பும் பூவும் பாத்திரமும் துணியும் விற்ற அத்தெருவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வணிகரும் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தனர். உங்களுள் சிலரின் குடும்பங்களும் அவ்வழியே வந்தவையாக இருக்கலாம்.

இத்தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர் தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன். கடையில் அமர்ந்தபடியே தம் கண்முன் நடமாடிய மனிதர்களை அவர் உற்றுநோக்கினார். அவர்களையே கதைமாந்தர் ஆக்கினார். 'கடைத்தெருக் கதைகள்' என்னும் அவருடைய தொகுப்பு தமிழ் வாசகர்களுக்குச் சாலையை அறிமுகம் செய்தது. 2015ஆம் ஆண்டு அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கடைத்தெருவில் நிற்பவருக்கு முதலில் வேண்டியது பணமன்று, உற்றுநோக்கும் கண் என்பதை அவருடைய வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

மின்னணுத் துறைக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கேரள மாநில மின்னணு வளர்ச்சிக் கழகமாகிய 'கெல்ட்ரான்' 1973ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அது உருவாக்கிய தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரு காலத்தில் கேரள இல்லங்கள் பலவற்றில் இடம்பெற்றிருந்தன. 1990ஆம் ஆண்டு 'டெக்னோபார்க்' என்னும் தொழில்நுட்பப் பூங்காவும் இங்கே எழுந்தது. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, அப்படி ஒரே தெருவில் மின்னணுக் கடைகள் குவிந்திருக்கும் இடம் இங்கு இல்லை. எனினும் கிழக்கேகோட்டை, தம்பானூர், மகாத்மா காந்தி சாலை ஆகிய பகுதிகளில் கைப்பேசி முதல் கேமரா வரை வாங்கலாம்.

நிலத்தை விற்றுக் கண்ட கனவு

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அகத்தீசுவரம் ஒரு காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் பிறந்தவர் ஜோசப் செல்லையா டேனியல். சுருக்கமாக ஜே. சி. டேனியல் என்று அவரை அழைப்பர். திரைப்படக் கலையின்மீது அவருக்குத் தீராத வேட்கை இருந்தது. அதனைக் கற்கச் சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்றார். திரும்பி வந்து, தமக்குரிய நிலத்தை விற்றுக் கேமராவும் பிற கருவிகளும் வாங்கினார். திருவனந்தபுரத்துப் பட்டம் பகுதியில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார்.

அங்கு உருவானதே 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படம். அதுவே மலையாளத்தின் முதல் திரைப்படம். கதை எழுதியவரும் இயக்கியவரும் முதன்மை வேடத்தில் நடித்தவரும் டேனியலே. ஆயினும் படம் போட்ட முதலை மீட்டுத் தரவில்லை. படப்பிடிப்பு நிலையம் மூடப்பட்டது. டேனியல் பின்னாளில் பல் மருத்துவராகப் பணியாற்றி, 1975ஆம் ஆண்டு மறைந்தார். கேரள அரசு இன்று அவரை 'மலையாளத் திரைப்படத்தின் தந்தை' என்று போற்றுகிறது. 1992 முதல் அவர் பெயரால் விருதும் வழங்கி வருகிறது.

டேனியலின் வேட்கை பிழையன்று. அவ்வேட்கை இல்லையெனில் மலையாளத் திரைப்படத்தின் தொடக்கமும் இல்லை. ஆனால், அவர் காலத்தில் ஒரு கேமராவைத் தொட நிலத்தை விற்க வேண்டியிருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

விலை இறங்கிய வரலாறு

1888ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடாக்' கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 100 படங்கள் எடுக்கத்தக்க சுருள் அதனுள்ளேயே இருந்தது. அதன் விலை 25 டாலர். எல்லாரும் வாங்கத்தக்க விலை அன்று அது. 1900ஆம் ஆண்டு அதே நிறுவனம் 'பிரௌனி' என்னும் எளிய அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. சிறுவர்களை மனத்தில் கொண்டு விளம்பரப்படுத்தப்பட்ட கேமரா அது.

நம் நாட்டில் படச்சுருள் தயாரிப்பதற்காக 1960ஆம் ஆண்டு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் உதகமண்டலத்தில் அமைக்கப்பட்டது. அங்கிருந்து 'இந்து' என்னும் பெயருடன் வெளிவந்த கறுப்புவெள்ளைச் சுருள்களை ஒளிப்படக் கலைஞர் பலர் பயன்படுத்தினர். ஆயினும் சுருளுக்கும் கழுவுவதற்கும் அச்சிடுவதற்கும் ஒவ்வொரு முறையும் பணம் செலவாயிற்று. அதனால் ஒரு படம் எடுக்குமுன் மக்கள் பலமுறை சிந்தித்தனர்.

1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன், சுருள் இல்லாமல் இயங்கும் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதன் எடை சுமார் 3.6 கிலோகிராம். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் ஆயின. 1990களில் எரிக் ஃபாசம் என்னும் பொறியாளரின் குழு அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கூடம் ஒன்றில் 'சிமாஸ்' வகை உணரியை மேம்படுத்தியது. கணினிச் சில்லுகளைப் போலவே பெருமளவில் தயாரிக்கத்தக்கது அவ்வுணரி. எனவே கேமராவின் விலை இறங்கியது, அளவும் சுருங்கியது. இன்று நம் கைப்பேசியில் இருப்பதும் அவ்வகை உணரியே.

கேமரா எவ்வாறு இயங்குகிறது?

இயங்கும் முறையை அறியாமல் ஒரு கருவியை வாங்குபவர் விற்பவரின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கும். கேமராவின் இன்றியமையாத உறுப்புகள் நான்கு.

முதலாவது வில்லை. பொருளிலிருந்து வரும் ஒளியைக் குவித்து உருவம் அமைப்பது இதன் பணி.

இரண்டாவது ஒளித்துளை. நம் கண்ணின் பாவை வெயிலில் சுருங்கி இருளில் விரிவதுபோல, இத்துளையும் சுருங்கி விரியும். இதன் அளவை எஃப்/2.8, எஃப்/8 என்று குறிப்பர். எண் சிறிதாயின் துளை பெரிது என்பதை நினைவில் கொள்க.

மூன்றாவது மூடுதிரை. ஒளி எவ்வளவு நேரம் உள்ளே நுழைய வேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது. பறக்கும் பறவையை அசைவின்றிப் பதிவு செய்ய நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே திரை திறக்க வேண்டியிருக்கும்.

நான்காவது உணரி. உள்ளே வந்த ஒளியை மின்குறிப்புகளாக மாற்றுவது இதுவே.

உணரியின் பரப்பு மிகவும் முதன்மையானது. நம் ஊரில் இடவப்பாதி மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு செம்பையும் வைத்துப் பாருங்கள். இரண்டின்மீதும் பெய்வது ஒரே மழைதான். ஆனால் வாய் அகன்ற அண்டாவில் மிகுதியான நீர் சேரும். உணரியும் அத்தகையதே. சிறிய கையடக்கக் கேமராக்கள் பலவற்றின் உணரி சுமார் 6 மில்லிமீட்டர் நீளமும் 4.5 மில்லிமீட்டர் அகலமும் உடையது. முழுச்சட்டக் கேமராவின் உணரியோ 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பரப்பில் முப்பது மடங்கு வேறுபாடு உண்டு. மாலை ஒளியில் எடுத்த படம் ஒன்றில் தெளிவாகவும் மற்றொன்றில் புள்ளிபுள்ளியாகவும் அமைவதற்கு இதுவே முதற்காரணம்.

எண்களில் மயங்காதீர்

கடைகளில் மெகாபிக்சல் எண்ணைப் பெரிதாக எழுதி வைப்பர். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் படப்புள்ளிகள். எண் கூடினால் படமும் சிறக்கும் என்று பலர் கருதுகின்றனர். ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும்.

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். 4 அங்குலம் அகலமும் 6 அங்குலம் நீளமும் உள்ள படத்திற்கு 1200 x 1800, அதாவது 21,60,000 புள்ளிகள் தேவை. இது 2 மெகாபிக்சலைச் சற்றே கடந்தது. ஏ4 தாள் முழுவதும் அச்சிட வேண்டுமாயினும் 9 மெகாபிக்சல் போதுமானது. எனவே, 12 மெகாபிக்சல் உடைய பழைய கேமராவை எண்ணைக் கண்டு ஒதுக்க வேண்டியதில்லை.

'ஜூம்' என்னும் உருப்பெருக்கத்திலும் இருவகை உண்டு. வில்லைகள் நகர்வதால் உண்டாவது ஒளியியல் ஜூம். இதில் தெளிவு குறையாது. படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது டிஜிட்டல் ஜூம். 16 மெகாபிக்சல் படத்தை இவ்வாறு இருமடங்கு பெரிதாக்கினால் எஞ்சுவது 4 மெகாபிக்சலே. பெட்டியின்மீது எழுதியுள்ள எண் எவ்வகையைக் குறிக்கிறது என்று கேட்டறிய வேண்டும்.

மூன்று வழிகள், ஒரு கணக்கு

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். அவளுடைய தந்தை சாலையில் மளிகை மொத்தக் கடையொன்றில் வேலை செய்கிறார். தாய் வீட்டில் துணி தைக்கிறார். நகரை ஒட்டியுள்ள வெள்ளாயணி ஏரிக்கு வரும் பறவைகளைப் படமெடுக்க வேண்டும் என்பது அவளது ஆசை. கைப்பேசியில் எடுத்த படங்களில் கொக்கு வெறும் வெள்ளைப் புள்ளியாகவே தெரிந்தது. பொங்கலுக்கும் ஓணத்துக்கும் உறவினர் தந்த பணத்தைச் சேர்த்து 7,000 ரூபாய் வைத்திருக்கிறாள். தாய் தையல் கூலியிலிருந்து 2,000 ரூபாய் தந்தார். ஆக, அவளிடம் 9,000 ரூபாய் உள்ளது. பின்வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்காகக் கூறப்பட்டவை. கடைக்குக் கடை அவை மாறுபடும்.

முதல் கடையில் புதிய கேமரா 12,000 ரூபாய். "கையில் பணம் இல்லையென்றால் கவலை வேண்டா, மாதம் 1,200 ரூபாய் வீதம் 12 தவணைகளில் கட்டலாம்" என்றார் கடைக்காரர். 1,200 ரூபாய் சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் 12 தவணைகளின் கூட்டுத்தொகை 14,400 ரூபாய். அதாவது 2,400 ரூபாய் கூடுதல். மேலும், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது புத்தகச் செலவும் இத்தவணையும் ஒருசேர வரும். தவணையைத் தாங்கப்போவது அவளல்லள், அவளுடைய தந்தை.

இரண்டாம் கடையில் அதே கேமரா 8,800 ரூபாய். வளைகுடா நாட்டிலிருந்து வந்தது என்றனர். "ரசீது மட்டும் தர இயலாது" என்றனர். கேரளத்தில் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவிகள் மிகுதி. அவற்றுள் நல்லவையும் பல. ஆனால், உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். ரசீதும் இல்லையெனில், பழுது ஏற்பட்டால் கேட்பதற்கு இடமே இல்லை.

மூன்றாம் கடையில் பயன்படுத்திய கேமரா 6,000 ரூபாய். 20 மடங்கு ஒளியியல் ஜூம் கொண்டது. ரசீதும் மூன்று மாத உத்தரவாதமும் எழுதித் தருவதாகக் கூறினர். ஆனால் செலவு 6,000 ரூபாயுடன் முடிவதில்லை. புதிய மின்கலம் 900, நினைவக அட்டை 600, பை 500, காற்றுப் புகாப் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் 300. ஆக மொத்தம் 8,300 ரூபாய். கையில் 700 ரூபாய் மிஞ்சும். கேமராவின் விலையோடு துணைப்பொருள்களின் விலையையும் கூட்டிப் பார்ப்பவரே சரியாகக் கணக்கிடுபவர்.

மாணவி மூன்றாம் வழியைத் தேர்ந்தாள். ஆனால் உடனே பணத்தைக் கொடுக்கவில்லை. கைவிளக்கை எடுத்து வில்லையினுள் ஒளி பாய்ச்சினாள். உள்ளே சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தன. "இது வேண்டா, அண்ணா. வேறொன்று வந்தால் சொல்லுங்கள்" என்று பணிவுடன் கூறித் திரும்பினாள். கேமரா இல்லாமல் வீடு திரும்புவது அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இருப்பினும் அன்று அவள் 6,000 ரூபாயைக் காத்தாள். அடுத்த மாதம் அதே கடைக்கு வேறொரு கேமரா வந்தது. அதன் வில்லை தெளிவாக இருந்தது.

அவள் கண்ட இழைகள் யாவை?

அவை பூஞ்சை. திருவனந்தபுரத்தில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. கடலும் அருகில் உள்ளது. காற்றில் எப்போதும் ஈரப்பதம் மிகுந்திருக்கும். தோல் பையிலோ மூடிய அலமாரியிலோ நெடுநாள் கிடக்கும் வில்லையில் பூஞ்சை எளிதில் படரும். நாளடைவில் அது வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும், படம் மங்கும். அதனைத் தூய்மை செய்யும் கூலி சில வேளைகளில் கேமராவின் விலையையே நெருங்கும்.

எனவே, பழைய கேமராவை வாங்குமுன் பின்வருவனவற்றைச் சோதித்தல் வேண்டும்.

1. வில்லையினுள் கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பூஞ்சை, கீறல், தூசு உள்ளனவா எனக் காண்க.
2. வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க. எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் புள்ளி தெரிந்தால் உணரியில் தூசோ பழுதோ இருக்கலாம்.
3. வில்லை மாற்றத்தக்க கேமராவாயின் மூடுதிரை எத்தனை முறை இயங்கியுள்ளது எனக் கேட்க. தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றின் திரை ஏறத்தாழ 1 லட்சம் முறை இயங்கும் வகையில் அமைக்கப்படுகிறது.
4. மின்கலம் வைக்கும் அறையில் பச்சை அல்லது வெள்ளைப் படிவு உள்ளதா எனப் பார்க்க. அது துருவின் அடையாளம்.
5. ஜூம், பொத்தான்கள், திரை, ஒளிவீச்சு ஆகிய அனைத்தையும் இயக்கிப் பார்க்க.
6. நம் நினைவக அட்டையை இட்டு, எடுத்த படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கணினியில் பார்த்தபின் முடிவு செய்க.

வாங்கிய பின்னரும் கேமராவைக் காற்றுப் புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தல் நன்று. நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சி நிறைந்தவுடன் நிறத்தால் உணர்த்தும். அதனைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, கேமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துக. பயன்பாட்டில் உள்ள கருவியைப் பூஞ்சை எளிதில் அண்டாது.

மின்கலமும் கைப்பேசியும்

மலிவு என்று கருதி எந்த மின்னேற்றியையும் வாங்கலாகாது. இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மின்னேற்றியின்மீது '100–240 வோல்ட்' என்று இருந்தால் இங்குப் பயன்படுத்தலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறியும் 'ஆர்' எழுத்துடன் தொடங்கும் பதிவெண்ணும் அதில் இருத்தல் வேண்டும். உப்பிய மின்கலத்தைப் பயன்படுத்துவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். பழைய மின்கலங்களை வீட்டுக் குப்பையுடன் போடாமல் தனியே சேர்த்து, மின்னணுக் கழிவு பெறுவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பழைய கைப்பேசி வாங்குவோர் *#06# என்னும் குறியை அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் திரையில் தோன்றும். அந்த எண் பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையத்தளத்தில் அவ்வெண்ணை இட்டு, அது திருட்டுக் கைப்பேசி எனத் தடுக்கப்பட்டதா என அறியலாம். பிறர் பறிகொடுத்த பொருளை நாம் மலிவாகப் பெறுவது பேறன்று.

ரசீதும் உரிமையும்

பெட்டியில் அடைத்து விற்கும் பொருளின்மீது 'அதிகபட்ச சில்லறை விலை' அச்சிடப்பட்டிருக்கும். எல்லா வரிகளும் அதனுள் அடங்கும். அதற்குமேல் கேட்பது சட்டத்திற்குப் புறம்பானது. அதற்குக் கீழே விற்பதற்குத் தடையில்லை. ஆதலால் பல கடைகளில் விலை கேட்டு ஒப்பிடுவது நாணத்தக்க செயலன்று. அது வாங்குவோரின் உரிமை.

1986ஆம் ஆண்டின் சட்டத்திற்கு மாற்றாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. இணையவழி வாங்குதலுக்கும் அது பொருந்தும். பாதுகாப்பு, தகவல் அறிதல், தேர்ந்தெடுத்தல், முறையீட்டைக் கேட்கச் செய்தல், குறை தீர்வு பெறுதல், நுகர்வோர் கல்வி ஆகிய ஆறு உரிமைகளை அது வழங்குகிறது. குறையிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915ஐ அழைக்கலாம். அங்குத் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அதனாலும் தீராவிடில், நாம் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 18 வயது நிறையாதவர் சார்பில் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ முறையிடலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்து வாழ்வோர் என்பதால் இவ்வுரிமைகளுள் ஒன்றும் குறைவதில்லை.

இவை அனைத்துக்கும் அடிப்படை ரசீது. கடையின் பெயர், நாள், பொருளின் வரிசை எண், விலை, உத்தரவாதக் காலம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே அதனைப் படமெடுத்து வைத்தல் நலம். புதிய கேமராவில் எடுக்கும் முதற்படம் அதன் ரசீதாகவே இருக்கலாம்!

கடைத்தெருவில் இரு மொழிகள்

தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள். விலை, கடை, செலவு, பணம் ஆகிய சொற்களை இருமொழியாரும் சிறு ஒலி வேறுபாட்டுடன் வழங்குகின்றனர். எனினும் சில சொற்கள் பொருளில் விலகி நிற்கும். 'ஈடு' என்பது தமிழில் ஒப்பையோ அடமானத்தையோ குறிக்கும். மலையாளத்தில் ஒரு பொருள் நெடுநாள் உழைக்கும் தன்மையை அச்சொல்லால் குறிப்பர். மலையாளக் கடைக்காரர் 'மோசம்' என்றால், பொருள் தரத்தில் தாழ்ந்தது என்றே பெரும்பாலும் பொருள். தமிழில் அச்சொல் ஏமாற்று என்னும் பொருளையும் தரும். உங்கள் பெற்றோருக்கு மலையாள எழுத்து தெரியாவிடில், உத்தரவாத அட்டையைப் படித்து விளக்கும் பொறுப்பு உங்களுடையது. பள்ளியில் நீங்கள் கற்ற மொழிகள் அவ்வேளையில் வீட்டுக்குப் பயன்படும்.

நிறைவாக

மழை ஓய்ந்த ஒரு காலையில் அம்மாணவி வெள்ளாயணிக்குச் சென்றாள் எனக் கொள்வோம். தந்தையும் உடன் சென்றார். கேமராவின் திரையில் கொக்கின் அலகும் அதில் துடித்த மீனும் தெளிவாகத் தெரிந்தன. அவர் அதனை நெடுநேரம் பார்த்தார். "இதற்கு நாம் கடன் எதுவும் கட்ட வேண்டாம் அல்லவா?" என்று கேட்டார். "வேண்டா, அப்பா" என்றாள் அவள்.

டேனியல் தம் நிலத்தை விற்றுத் தொடங்கிய கலையை இன்று நாம் சில மாதச் சேமிப்பில் தொடங்க இயலும். அதற்கு வேண்டுவன மூன்று: தேவையை அறிதல், கணக்கிடுதல், பொருந்தாதபோது 'வேண்டா' என்று சொல்லும் துணிவு. கருவி கைக்கு எட்டியபின், காண்பதற்கு உலகம் காத்திருக்கிறது.

அருஞ்சொற்பொருள்

வேட்கை – பெருவிருப்பம்
ஊமைப்படம் – ஒலியற்ற திரைப்படம்
உணரி – ஒளியை மின்குறிப்பாக மாற்றும் உறுப்பு
இடவப்பாதி – மலையாள இடவ மாதத்தின் நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை
உத்தரவாதம் – பழுது நீக்கித் தருவதாக விற்பவர் தரும் உறுதி
நுகர்வோர் – பொருளையும் பணியையும் விலை கொடுத்துப் பெறுவோர்
பேறு – நற்பயன்

பயிற்சிகள்

அ. குறுவினா
1. ஜே. சி. டேனியல் தம் நிலத்தை விற்றதன் நோக்கம் யாது?
2. ஒளியியல் ஜூம், டிஜிட்டல் ஜூம் – வேறுபடுத்துக.
3. கேமரா வில்லையில் பூஞ்சை படர்வதற்குத் திருவனந்தபுரத்தின் தட்பவெப்பம் எவ்வாறு காரணமாகிறது?

ஆ. நெடுவினா
மாணவி மூன்றாம் வழியைத் தேர்ந்தது சரியா? மூன்று கடைகளின் விலைகளையும் நிறைகுறைகளையும் ஒப்பிட்டு உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

இ. கணக்கிடுக
ஒரு கைப்பேசியின் ரொக்க விலை 9,600 ரூபாய். மாதம் 900 ரூபாய் வீதம் 12 தவணைகளில் அதனை வாங்கினால் கூடுதலாகச் செலுத்தும் தொகை எவ்வளவு?

ஈ. மொழிப்பயிற்சி
கடைத்தெருவில் வழங்கும் மலையாளச் சொற்கள் பத்தைத் திரட்டி, அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களை எழுதுக. பொருள் மாறுபடும் சொற்களுக்கு அடிக்கோடு இடுக.

உ. செய்து பார்ப்போம்
ஒரு காலணிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் ஊசியால் சிறு துளை இடுக. எதிர்ப்பக்கத்தை வெட்டி எடுத்து, அவ்விடத்தில் எண்ணெய் தடவிய மெல்லிய தாளை ஒட்டுக. தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, துளையை ஒளி மிகுந்த சாளரத்தை நோக்கிப் பிடித்துத் தாளைப் பார்க்க. சாளரத்தின் உருவம் தலைகீழாகத் தெரிவது ஏன்? வகுப்பில் கலந்துரையாடுக.